இடது ஓரத்து முகம்

பென்சில் சீவுவதில் எனக்கு அந்தக் காலத்தில் கொஞ்சம் கர்வம் உண்டு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சீவுவது மாதிரி இல்லை. பிளேடால் மரத்தை ஒரு விரல் நீளத்துக்கு இழைத்து, உள்ளே இருக்கும் கரியை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து ஊசி முனையாக்க வேண்டும். அந்த முனையால் நெகடிவின் மேல் புள்ளி புள்ளியாக வைத்தால் அம்மைத் தழும்பு மறையும், கண்ணுக்குக் கீழே இருக்கும் கருப்பு போகும், நாற்பது வயதுக்காரி முப்பதுக்கு இறங்கி வருவாள். பழவேற்காடு கடைத்தெருவில் என் கணவர் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். படம் பிடிப்பது அவர், முகத்தைச் சீர்படுத்துவது நான். போட்டோக்காரர் பெண்டாட்டி கை பட்டால் கல்யாணம் நிச்சயம் என்று பெண்ணைப் பெற்றவர்கள் சொல்வார்கள். நானும் ஒரு நாளும் மறுத்ததில்லை.

எழுபதுகளின் கடைசி அது. ஸ்டூடியோ என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். முன்னால் ஓர் அறை, அதில் மலையும் அருவியும் எழுதிய திரை. ஏரிக்கரையில் வாழ்கிறவர்களுக்கு மலையைக் கண்டால்தான் ஆசை. பின்னால் கீற்றுக் கூரை போட்ட இருட்டறை. அங்கேதான் எங்கள் என்லார்ஜர் இருந்தது, சின்ன நெகடிவைப் பெரிதாக்கிக் காகிதத்தில் விழச் செய்யும் எந்திரம். எங்களுடையது என் கணவர் தன் கையால் செய்தது. பெரிய பிஸ்கட் டின்னுக்குள் ஒரு பல்பு, அடியில் உடைந்த கேமரா ஒன்றிலிருந்து கழற்றிய லென்ஸ், ஏற்றி இறக்க ஒரு சைக்கிள் சீட்டுக் கம்பி. பாஸ்போர்ட் படத்துக்கும், அதிகம் போனால் அஞ்சலட்டை அளவுக்கும் அது போதுமாக இருந்தது. நாங்களும் அதோடு சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

கெடுத்தது ஒரு குரூப் போட்டோ.

பசியாவரத்துப் பக்கம் ஏரிக்குள் ஒரு குப்பம். அந்த ஊரில் பாடு முறை உண்டு. ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்று வருடத்துக்கு ஒரு தடவை ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். பட்டியலில் பெயர் இருக்கிறவருக்குத்தான் பாடு. பெயர் இல்லையென்றால் கரையில் நின்று மற்றவன் வலையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அந்த ஊர்த் தலைவர் ஒரு நாள் ஸ்டூடியோவுக்கு வந்தார்.

"பேர எழுதி வச்சா கரையான் தின்னுது. மூஞ்சிய எட்த்து மாட்டிட்டா கரையான் இன்னா பண்ணும்? பாடு கீற ஆளு எல்லாரையும் ஒரே படத்துல எடுங்க. கோயில் மண்டபத்துல பெர்சா மாட்டணும்."

மாட்டினால் கரையான் அதையும் தின்னும் என்று சொல்ல எனக்கு நாக்கு வரை வந்தது. வாங்கிய வேலையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாமே என்று விழுங்கிவிட்டேன்.

சீட்டுப் போடும் நாளில்தான் எல்லா ஆண்களும் கரையில் இருப்பார்கள் என்பதால் அன்றைக்கே எடுத்தோம். நாற்பத்தேழு பேர். பட்டியலில் இருக்கும் வரிசைப்படிதான் நிற்க வேண்டும் என்று ஊர்க் கட்டளை. மூத்தவர்கள் முன்னால் பெஞ்சில், அடுத்தவர்கள் நடுவில், மீதிப் பேர் பின்னால். கடைசியாகப் பட்டியலில் சேர்ந்தவன் பின்வரிசையில் இடது கோடி. பின்வரிசைதான் நீளம், அதனால் இடது கோடி என்பது படத்துக்கே விளிம்பு. என் கணவர் பிஸ்கட் டின்னைப் படுக்க வைத்துச் சுவரில் ஒளி விழச் செய்து, பெரிய காகிதத்தை ஆணியடித்து மாட்டி, எப்படியோ அச்சுப் போட்டுவிட்டார். தூரத்திலிருந்து பார்த்தால் கம்பீரமாக இருந்தது. நாங்களும் தூரத்திலிருந்துதான் பார்த்தோம்.

ஒரு வாரத்தில் அந்த இடது கோடி ஆள் எங்கள் கடை வாசலில் நின்றார். முப்பது வயதுக்குள் இருக்கும். படகில் வந்த ஈரம் வேட்டியில் காயவில்லை.

"அக்கா, படத்துல நானு இல்லக்கா."

"இருக்கியேப்பா. பின்னால, கோடியில."

"அது நானா? மாவு உருட்டி வச்ச மாரி கீது. உன் எடத்துல வேற எவனோ நிக்கிறான்டானு எல்லாரும் சிரிக்கிறானுங்க."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். உட்காரச் சொல்லி டீ கொடுத்த பிறகுதான் விஷயம் வந்தது. அவருடைய நைனா ஊரில் பிணங்கிக்கொண்டு மெட்ராஸ் ஹார்பருக்கு மூட்டை தூக்கப் போய்விட்டார். போனதோடு பாடும் போய்விட்டது. மகனும் அங்கேயே மூட்டை தூக்கி வளர்ந்தார். நைனா செத்த பிறகு ஊருக்குத் திரும்பி, கல்யாணம் கட்டி, எனக்கும் பாடு கொடுங்கள் என்று மூன்று வருடம் ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டிருக்கிறார். இந்த வருடம்தான் கொடுத்தார்கள். கொடுத்த வருடத்தில் எடுத்த படத்தில் முகம் இல்லை.

"இவ்ளோதானா? படத்தக் கொண்டா, நான் சரி பண்றேன்" என்றேன். என் கையில் அவ்வளவு நம்பிக்கை.

தலைவரிடம் சொல்லிப் படத்தை இறக்கிக் கொண்டுவந்து கொடுத்தார். நான் மெல்லிய பிரஷ்ஷை எடுத்து, சாயம் கரைத்து, ஒரு முழுப் பகல் உட்கார்ந்து, மாவு உருண்டைக்குக் கண் வைத்தேன், மூக்கு வைத்தேன், அழகாக ஒரு மீசையும் வைத்தேன். மறுநாள் வந்தவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் கீது அக்கா. ஆனா இது யாரு?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் கைவேலையை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தை எல்லாம் சத்தமாக அடுக்கினேன். ஆனாலும் அவர் சொன்னது நிஜம். படத்தில் இருப்பதைக் கூட்டிக் குறைக்கத்தான் என் பென்சிலுக்குத் தெரியும், இல்லாத முகத்தைக் கொண்டுவரத் தெரியாது. நான் வைத்தது என் பெரியப்பா மகனின் மூக்கு என்று பிறகுதான் எனக்கே விளங்கியது.

என் கணவர் சமாதானத்துக்கு வந்தார். "இன்னொரு தபா எடுத்துடலாம்பா. நீ நடுவுல வந்து நில்லு. நடுவுல நிக்கிறவன் மூஞ்சி பளிச்சுனு வரும்."

"நடுவுல வாணாண்ணா. மூணு வருசம் கேட்டு வாங்குன எடம் அந்தக் கோடி. நடுவுல போய் நின்னா விருந்துக்கு வந்தவன் மாரி இருக்கும்."

அந்தக் கோடியிலேயே அவர் முகம் வர வேண்டும். கோளாறு பிஸ்கட் டின்னில்தான் என்று நாங்கள் இருவரும் முடிவு கட்டினோம். டின் கோணல், அதனால் ஒரு பக்கம் மங்குகிறது. நல்ல என்லார்ஜர் ஒன்று வாங்கியே தீர வேண்டும். இருட்டறைக் கூரையின் கீற்றைப் பிரித்துவிட்டு சிமெண்ட் ஷீட் போடலாம் என்று ஒரு தொகை சேர்த்து வைத்திருந்தோம். "கூரை இன்னொரு மழைய தாங்கும்" என்று நான்தான் சொன்னேன். தாங்கவில்லை என்பது வேறு கதை.

மெட்ராஸில் புது என்லார்ஜர் வாங்க எங்கள் தொகை பத்தாது. பழைய கேமரா சாமான் விற்கும் கடைக்குத்தான் போக வேண்டும். பழைய சாமானை எப்படிச் சோதித்து வாங்குவது? என் கணவர் என் முகத்தை எடுத்த நெகடிவ் ஒன்றைக் கொண்டுபோகலாம் என்றார். முகம் நடுவில்தானே இருக்கும், ஓரத்தை எதை வைத்துப் பார்ப்பது என்று கேட்டேன். அன்று சாயங்காலம் கரையில் நடந்துகொண்டிருந்தபோது இறால் வலை ஒன்றைக் கழியில் கட்டிக் காயப் போட்டிருந்தார்கள். சின்னக் கண்ணி. நடுவில் இருக்கும் கண்ணியும் மூலையில் இருக்கும் கண்ணியும் ஒரே அளவு, ஒரே முடிச்சு. இதை விட வேறு என்ன வேண்டும்?

மறுநாள் காலையில் காற்று எழும்புவதற்கு முன் வலைக்காரரிடம் கேட்டு, கீழ்ப்பக்கம் கல் கட்டித் தொங்கவிட்டு, படச்சட்டம் முழுக்க வலை நிரம்பும்படி எடுத்தோம். வலைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "வலைக்கா போட்டோ? அதுக்கும் மாப்ள பாக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கடையில் எங்கள் தொகைக்கு இரண்டு என்லார்ஜர் இருந்தன. ஒன்று பெரியது, பளபளவென்று, உள்ளே எரியும் பல்பே என் தலை அளவு. இன்னொன்று குட்டையாக, பெயிண்ட் உதிர்ந்து, மந்தமான பல்போடு மூலையில் கிடந்தது. என் கணவர் பெரியதைப் பார்த்ததும் அதன் பக்கத்திலேயே நின்றுவிட்டார். மாப்பிள்ளை பார்க்க வந்த இடத்தில் வீட்டைப் பார்த்து மயங்குகிறவர்கள் உண்டே, அந்த மாதிரி.

"இன்னா பவர் பாத்தியா? நம்ம டின்னுல ஒரு நிமிஷம் ஆவுறது இதுல அஞ்சு செகண்டுல முடிஞ்சிடும்."

"நம்ம ஊர்ல சாயங்காலம் வர்ற கரண்டுக்கு இந்த பல்பு மொதல்ல எரியுமா?" என்று கேட்டேன். "நமக்கு இன்னா அவசரம்? வாசல்ல ஆளு வரிசையிலயா நிக்குது?"

பேசி முடியாது என்று வலை நெகடிவைக் கொடுத்தோம். கடைக்காரர் அதைத் தூக்கிப் பார்த்து, "இன்னாமா, கொசுவலயா?" என்று சிரித்துவிட்டு, பின்பக்க இருட்டறைக்கு எங்களைக் கூட்டிப் போனார். முதலில் பெரியதில் போட்டார். எந்திரத்தின் அடிப்பலகையில் வலையின் படம் விழுந்தது. நடுவில் முடிச்சு முடிச்சாக எண்ணலாம். இடது ஓரத்தில் மங்கல். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், பார்த்தாயா என்று கணவரை இடித்தேன். அடுத்து சின்னதில் போட்டார். அதிலும் இடது ஓரத்தில் மங்கல். இப்போது அவர் என்னை இடித்தார். கடைக்காரர் தான் அன்றாடம் வேலைக்கு வைத்திருக்கும், விற்பதற்கு இல்லாத நல்ல எந்திரத்திலும் போட்டுக் காட்டினார். அதிலும் அதே மங்கல்.

"நீ கேக்குற மாரி மிஷினு ஊர்லயே இல்லமா" என்றார் அலுத்துப்போய்.

எல்லா எந்திரமும் ஒரே இடத்தில் எப்படிக் கெட்டுப்போகும்? நெகடிவை வெளியே எடுத்து, அரைச்சுற்று சுற்றி மறுபடி வைக்கச் சொன்னேன். கோளாறு எந்திரத்தில் என்றால் மங்கல் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். இருக்கவில்லை. வலையோடு சேர்ந்து வலது பக்கத்துக்குப் போய்விட்டது. மங்கல் நெகடிவிலேயே இருக்கிறது.

"காத்துல வல ஆடியிருக்கும்" என்றார் என் கணவர்.

காற்று இல்லை, கல் கட்டியிருந்தோம் என்பது இருவருக்கும் தெரியும். கோளாறு எங்கள் கேமராவில். பிஸ்கட் டின் பாவம், அது மேல் வீணாகப் பழி போட்டிருந்தோம். கேமரா தந்த படமே ஒரு பக்கம் மங்கல் என்றால் உலகத்தில் எந்த என்லார்ஜர் வாங்கி என்ன பயன்? கையில் இருந்த பணம் ஒரு சாமானுக்குத்தான் காணும். யோசித்துவிட்டு வருகிறோம் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டுத் தெருவுக்கு வந்தோம்.

எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது, அதைச் சொல்லாமல் டீ இறங்கவில்லை. "மூணு வருசத்துக்கு மின்ன எளாவூர் கல்யாணத்துல கேமரா மேசைலேர்ந்து கீழ உழுந்துச்சு. லென்சு மாட்டுற முன்பலக கோணினது அதுலதான். என் முந்தான மாட்டிதான் உழுந்துச்சு. நான் எடுத்து வச்சிட்டு உங்ககிட்ட சொல்லல."

"தெரியும். மூலையில நசுங்கியிருந்துச்சே."

"தெரிஞ்சா ஏன் கேக்கல?"

"கேட்டா நிமிந்துடுமா?" என்று சொல்லிவிட்டு அவர் டீயை ஆற்றினார்.

மூன்று வருடம் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பெரிய என்லார்ஜரையே வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடலாம் போல இருந்தது. நல்ல வேளை, சொல்லவில்லை. அவரே பேச ஆரம்பித்தார். பாஸ்போர்ட்டுக்கு நடுப்பகுதி மட்டும் போதும், அதனால்தான் இத்தனை நாள் ஓரத்தைப் பற்றி நினைக்கவே இல்லை என்றார். எனக்கு அதில்தான் பொறி தட்டியது.

"அப்போ ஓரத்துல ஆளே நிக்க வாணாம். நாம பின்னால போயிடலாம். இடது பக்கம் வெறும் ஏரிய உட்டுட்டு ஆளுங்கள எல்லாம் இந்தப் பக்கமா அடக்கிட்டா? ஏரி மங்கினா மங்கட்டும்."

"பின்னால போனா மூஞ்சி எள்ளு மாரி ஆயிடுமே."

"எள்ள பெர்சாக்கத்தானே மிஷினு வாங்க வந்தோம்?"

மறுபடியும் கடைக்குள் போனோம். இந்தத் தடவை மங்கலை விட்டுவிட்டு மற்ற மூலைகளில் வலை முடிச்சைப் பார்த்தோம். பெரியதில் நடு நன்றாக இருந்தது, மூலைக்குப் போகப் போக முடிச்சுகள் கரைந்தன. சின்னதில் மூலை முடிச்சும் நடு முடிச்சும் ஒன்றுபோலத் தெரிந்தன. என் கணவர் பலகை மேல் மூக்கு படும்படிக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது பெரியதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. வெளியே வரும்போது மட்டும் அதை ஒரு தடவை தட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். பஸ்ஸில் சின்னது என் மடியில் வந்தது.

ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளில் ஊர் ஆண்கள் மறுபடியும் கரையில் சேர்ந்தார்கள். பின்னால் போகலாம் என்று டீக்கடையில் சொல்வது சுலபம். அந்தக் குப்பத்தில் கோயிலுக்கு முன்னால் இருபது அடி மணல், அப்புறம் ஏரி. என் கணவர் முழங்கால் தண்ணீரில் கேமராக் காலை நட்டார். சேற்றில் அது ஒவ்வொரு காலாக இறங்கியது. யாராவது பிடித்துக்கொள்ளலாம் என்றால் பிடிக்க வருகிறவன் படத்தில் இருக்க மாட்டான், அதற்கு யாரும் தயாராக இல்லை. கடைசியில் நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, கேமராவுக்குக் கீழே குனிந்து, மூன்று காலையும் சேர்த்துக் கட்டிப்பிடித்தேன். நாற்பத்தேழு ஆண்களும் சிரித்தார்கள்.

"சிரிச்சி முடிங்க, அப்பறமா எடுக்கலாம்" என்று கீழே இருந்து கத்தினேன். காலில் என்னவோ ஊர்ந்தது. நண்டாக இருக்கும், கேட்கவில்லை.

புது என்லார்ஜரில் அச்சுப் போட மந்தமான பல்புக்கு நூற்றைம்பது வரை எண்ண வேண்டியிருந்தது. இருவரும் சேர்ந்து எண்ணினோம். பிறகு பெரிய தட்டில் காகிதத்தை மருந்தில் முக்கி ஆட்டியபோது முதலில் தலைமுடிகள் கருத்தன, மீசைகள் வந்தன. நான் இடது கோடியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு முகம் எழுந்து வந்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டு, மூச்சுப் பிடித்துக்கொண்டு, அவரேதான். புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு. அவர் நாலைந்து தடவை என் முன்னால் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறார், அந்தத் தழும்பை நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? ஈரக் கையோடு கணவரின் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

காய்ந்த பிறகு படத்தை மேசையில் வைத்துப் பழக்கத்தில் பிரஷ்ஷைச் சாயத்தில் தோய்த்தேன். தழும்பு ஒரு புள்ளியில் போய்விடும். பிரஷ் அந்த நெற்றி வரை போனது. இது யாரு என்று அவர் கேட்டது ஞாபகம் வந்து, பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டேன்.

சட்டம் போடுவதற்கு முன் வந்து பார்க்கும்படி அவருக்குச் சொல்லி அனுப்பினோம். வந்தவர் முதலில் தன்னைத் தேடவில்லை. வலது பக்கத்திலிருந்து ஒவ்வொருவராக விரல் வைத்துப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில் விரல் தன் மேல் நின்றது.

"கொக்கி குத்துன காயம் கூட கீதுக்கா" என்றார். "ஹார்பர்ல மூட்ட தூக்கச்சொல்ல பட்டது."

"எடுத்துடட்டுமா?"

"வாணாம். இருக்கட்டும்."

அவருக்கு இடது பக்கம் ஒரு சாண் அகலத்துக்கு வெறும் தண்ணீர், மங்கலாக. நான் ஸ்கேலும் பிளேடும் எடுத்தேன். "இத மட்டும் வெட்டிட்டா படம் எடுப்பா இருக்கும். அது கேமரா கோளாறுப்பா. அங்க எதுவும் சரியா உழாது, அதனாலதான் ஆளு நிக்காம எடம் உட்டோம்."

அவர் அந்த வெறும் இடத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொண்டார்.

"வெட்டாதீங்கக்கா" என்றார். "அடுத்த வருசம் எவனாச்சும் வந்து பாடு கேப்பான். அவன் நிக்க எடம் வோணும்ல?"